கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று: திருகோணமலையில் ஓய்வுக்காலத்தைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அரச சேவையில் ஓய்வு பெறும் வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டபோது, 2022 டிசெம்பர் 31 ஆம் திகதி நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிலிருந்து விலகினர். அவர்களுள் நானும் ஒருவன். சனிக்கிழமை ஓய்வு பெற்றேன், ஞாயிற்றுக்கிழமை புத்தாண்டு, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பழக்கதோஷத்தால் முழுக்கைச் சட்டை அணிந்து, சட்டைப்பையில் பேனாவையும் செருகிக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வாடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பிரியாவிடைக் கூட்டத்தில் கிடைத்த சுவர்க்கடிகாரம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதன்பின் ஓர் ஆண்டளவில் பலவற்றைத் தொடங்கி, பாதியில் விட்டு, சிலவற்றில் நிலைத்த அனுபவத்தைக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பணத்தை எங்கே முதலிடுவது என்பது இதில் இல்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறார்கள். திருகோணமலை நகரிலும் அதைச் சூழ்ந்த உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கங்களிலும் வாழும் ஒருவர், அதிகச் செலவின்றி, நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில், தன் நாளை எவ்வாறு நிரப்பிக்கொள்ளலாம் என்பதை மட்டுமே இங்கு ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

முதல் மாதம்: கடதாசி வேலையை முடியுங்கள், வேறெதையும் தொடங்காதீர்கள்

ஓய்வூதியக் கோவை எந்த மேசையில் நிற்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் நேரில் விசாரித்து அறிந்துகொள்வது முதல் வேலை. தனியார் துறையில் இருந்தவர்கள் ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 60 வயது நிரம்பியவர்கள் முதியோர் அடையாள அட்டைக்கும் அதே பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், கிராம உத்தியோகத்தரின் அலுவலக நாட்களை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. இவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் இட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள்.

இந்த மாதத்தில் வீட்டைத் திருத்தும் ஆசை கட்டாயம் வரும். அதற்கு இடங்கொடாதீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் இலிகிதராக இருந்த என் கை சும்மா இருக்க மறுத்ததால், இரண்டாம் வாரத்தில் குசினியிலிருந்த சரக்குப் போத்தல்கள் அனைத்துக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, அகரவரிசையில் அடுக்கிவைத்தேன். அடுப்புக்கருகில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உப்பு மேல்தட்டில் ஏறிக்கொண்டது; வெந்தயம் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானச் சொதியில் உப்பு இருக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவருடைய நிர்வாகத்தில் ஒழுங்காக நடந்துவரும் பகுதிகளில் புதிதாக வந்தவர் கைவைப்பது எந்த அலுவலகத்திலும் விரும்பப்படுவதில்லை என்பது நினைவில் இருந்தால் போதும்.

ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஓய்வுபெற்றவர்கள் போடும் நேரசூசிகள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் குலைந்துபோவதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்கிறோம். நான் ஜனவரியில் போட்ட நேரசூசி குலைந்ததற்குக் காரணம் காற்று. திருகோணமலையில் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, வாடைக்காற்று. மே முதல் செப்டெம்பர்வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மலைநாட்டைக் கடந்து, ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று. காலை ஒன்பது மணிக்குமேல் தோலை உலர்த்தும் வெப்பம். ஆனால் கடல் குளம்போல் கிடக்கும். (எங்கள் ஊரில் வறுத்த நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர், இரண்டும் வறுவல்தான்.) இடைப்பட்ட பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்கள் எதற்கும் இசைவானவை, புதிதாக எதையேனும் தொடங்க விரும்புபவர் அப்போது தொடங்கலாம்.

எனவே ஒரு கடதாசியை நடுவில் மடித்து, ஒரு பக்கத்தில் கச்சான் என்றும் மறுபக்கத்தில் வாடை என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றே மூன்று விடயங்கள் போதும்: காலையில் வீட்டைவிட்டு வெளியே போகும் ஒன்று, முற்பகலில் கையால் செய்யும் ஒன்று, மாலையில் மனிதரோடு கூடும் ஒன்று. நாலாவதை எழுத ஆசை வந்தால் மூன்றில் ஒன்றை வெட்டிவிட்டு எழுதவும்.

காலை நடை: கடலோரத்திலிருந்து கோட்டைக்குள்

நகரில் இருப்பவர்களுக்கு டச்சுக் குடாக் கடற்கரையில் தொடங்கி, பிரெட்ரிக் கோட்டை வாசலினூடாக ஏறி, கோணேசர் கோயில்வரை செல்லும் நடையைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். இதை ஒரே நாளில் முழுமையாக நடக்க முயலவேண்டாம். முதல் இரண்டு வாரங்களும் கடற்கரையில் மட்டும் இருபது நிமிடம், அடுத்த இரண்டு வாரங்களும் கோட்டை வாசல்வரை, அதன்பின்னரே ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள், ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை மனத்திற்கொண்டு, இறங்கும்போது ஓட்டோவில் வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கச்சான் மாதங்களில் ஐந்தரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு ஏழு மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். வாடை மாதங்களில் மழை விடும் இடைவெளியே நேரம். அது மாலையாகவும் இருக்கலாம்.

மூச்சு வாங்கும் இடங்களில் நிற்பதற்கு நியாயமான காரணங்கள் வழிநெடுக இருக்கின்றன. கோட்டை வாசற்கல்லில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டையைக் கட்டியதற்கு அந்தக் கல்லே சாட்சி. உள்ளே சென்றால் புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருக்கும். அவற்றுக்கு உணவு கொடுக்க வேண்டாம். குறிப்பாகப் பொலித்தீன் பையோடு எதையும் அருகில் கொண்டுபோக வேண்டாம், பையையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. மேலே, சம்பந்தர் பாடிய தலத்தில், 1950 இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த திருவுருவங்களின் கதையையும், 1963 இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த கதையையும், வயதில் மூத்த அடியார் எவரையேனும் கேட்டால் அரைமணி நேரம் சொல்வார். கேட்பதற்கு இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது.

கோயிலருகே பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டுப் பக்கமாக நின்று கடலைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் கரையை ஒட்டியே கடல் மிக ஆழமாக இறங்குவதால், கடல் அமைதியான மாதங்களில், சில நாட்களில், திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தூவலைக் கரையிலிருந்தே காண முடிகிறது. நான் இதுவரை இரண்டு தடவை கண்டிருக்கிறேன். மூன்றாவது தடவை கண்டது அலை என்று பக்கத்தில் நின்ற பையன் உறுதியாகச் சொன்னான்.

மீன் வாங்கக் கற்றுக்கொள்ளுதல்

வேலைக்குப் போன காலத்தில் பெரும்பாலோர் மீனை மாலையில், அவசரத்தில், கிடைத்ததை வாங்கினோம். ஓய்வுக்காலத்தின் மிகப் பெரிய சலுகை, மீன் வரும் நேரத்தில் அங்கே நிற்க முடிவதுதான் என்பது என் துணிபு. ஆகவே இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு முழு மாதத்துக்கு ஒரே வியாபாரியிடம் வாங்குங்கள். விலை பேசாதீர்கள், மீனின் பெயரைக் கேளுங்கள், எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேளுங்கள், எப்படிச் சமைப்பது என்றுகூடக் கேளுங்கள். நான் வாங்கும் கிண்ணியா வியாபாரி முதல் மூன்று வாரமும் என்னிடம் காசை மட்டுமே வாங்கினார். நாலாவது வாரம், நான் அறக்குளாத் துண்டொன்றைக் கையில் எடுத்தபோது, குரலைத் தாழ்த்தி, "ஐயா, அத வைங்க. நேத்தையது. கீரி இப்பதான் வந்தது, அதக் கொண்டு போங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவருடைய வாடிக்கையாளன். விலையில் நான் இழந்திருக்கக்கூடியதை அந்த ஒரு வாக்கியம் ஈடுசெய்துவிட்டது.

ஆயினும் உங்கள் கண்ணும் விரலும் பழக வேண்டும். கண் தெளிவாகவும் சற்றுத் துருத்திக்கொண்டும் இருக்க வேண்டும். குழிவிழுந்து மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், கபிலநிறம் ஆகாது. சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். கீரி, சூடை, சாளை போன்ற சிறுமீன்களில் வயிற்றைப் பாருங்கள், வெடித்திருந்தால் பழையது. மூக்கை நம்புவதில் தவறில்லை. நல்ல மீனில் கடலின் மணம்தான் வரும்.

கச்சான் மாதங்களில் இன்னொரு படி மேலே போகலாம். உப்புவெளியிலிருந்து சல்லிவரையான கரைகளில் கரைவலை இழுக்கும் நாட்களில், காலையிலேயே போய் மணலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வள்ளம் அரைவட்டமாகச் சென்று வலையை விட்டு வந்தபின், இரு கயிறுகளையும் இரு அணிகள் இழுத்து இழுத்து ஒன்றையொன்று நெருங்கி வரும். வலையின் நடுவிலுள்ள மடி கரையைத் தொடும் கடைசிப் பத்து நிமிடத்தில் கூட்டமே எழுந்து நிற்கும். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு முன்புபோல் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. உழவு இயந்திரத்தால் இழுக்கும் கரைகளும் உண்டு. மடி அவிழ்ந்ததும் அவசரப்பட்டுக் குனிய வேண்டாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரித்து, ஏலம் கூறி, வியாபாரிகள் எடுத்தபின் உங்களுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். ஒரு கடகமோ பையோ கொண்டுபோவது உங்கள் பொறுப்பு.

வாங்கிவந்த மீனை வெட்டுவதும் உங்கள் வேலையாகட்டும். குசினிக்குள் அகரவரிசை போட்டவன் என்ற பழியிலிருந்து நான் மீண்டது, கிணற்றடியில் உட்கார்ந்து கீரி துப்புரவாக்கப் பழகியபின்புதான். கை வழுக்காமலிருக்கச் சிறிது சாம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். செதிளை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள். வயிற்றை நுனிக்கத்தியால் கீறி, குடலை ஒரே இழுப்பில் எடுங்கள். முதல் நாள் இருபது மீனுக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் சென்றது; இப்போது கால் மணித்தியாலம். கழுவிய தண்ணீரை வீணாக்காமல் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுங்கள்.

வளவு

தோட்டம் போட எல்லோரும் ஆசைப்படுவது தை மாதத்து உற்சாகத்தில்; ஆனால் எங்கள் மணலுக்கு ஐப்பசி மழையே தொடக்கம். முதல் இரண்டு நல்ல மழை விழுந்து மண் குளிர்ந்தபின் பயிற்றை, வெண்டி, பூசணி விதைகளை நேரடியாக ஊன்றலாம். நீர் தேங்கும் வளவாயின் மண்ணைக் கூட்டி மேடைப் பாத்தி அமைக்க வேண்டும். மிளகாய், கத்தரி நாற்றுகளைக் கூரைத் தாழ்வாரத்தில் வளர்த்து, பெருமழை ஓய்ந்தபின் தையில் நடுங்கள். கச்சான் தொடங்கும்வரை காய்க்கும். அதன்பின் அவற்றைக் காப்பாற்றுவதற்காகக் கிணற்றை வற்றவைக்காதீர்கள். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்ப்பேறுவதும் உண்டு. அந்நீரைத் தாங்கும் முருங்கையும் தென்னையும் மட்டும் இருக்கட்டும். அவற்றின் அடியில் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் சில நாள் நிற்கும்.

நகரின் உட்பகுதியில் வீடுள்ளவர்கள் இரவில் படலையைச் சாத்தத் தவறக்கூடாது. கோட்டையில் படுத்திருக்கும் அதே மான்கள் தெருக்களிலும் உலாவும். பயிற்றங்கொழுந்தின் அருமை அவற்றுக்கு நன்றாகவே தெரியும்.

தோட்டத்தில் நாட்டமில்லாதவர்கள் முற்பகலைப் பொது நூலகத்தில் கழிக்கலாம். வீட்டில் ஒரு பத்திரிகை வாங்குபவர் அங்கே வீரகேசரி, தினகரன், தினக்குரல், உதயன் எல்லாவற்றையும் பார்க்கலாம். மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது எங்கள் வயதில் இயல்புதான்; அங்கேயே நின்றுவிடாதிருந்தால் சரி.

மாதத்துக்கு ஒரு பயணம்

வாடைக்காலத்தில், மழை வெளித்த ஒரு வேலைநாட் காலையில், கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்குப் போங்கள். அனுராதபுர வீதியால் சென்று கிளைவீதியில் திரும்ப வேண்டும். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும். இறங்கிக் குளிக்கும் ஆழம் இல்லை. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். குறைந்த சூடுள்ள கிணற்றில் தொடங்கி, கால், முதுகு, தோள் என்ற ஒழுங்கில் ஊற்றுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதும், குனிந்து அள்ளியபின் சட்டென நிமிராதிருப்பதும் அவசியம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய ஊற்றுகள் என்ற ஐதிகத்தால் இங்கு அந்தியேட்டிக் கிரியைகள் செய்யவும் மக்கள் வருவார்கள். அவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கச்சான் மாதத்தில் அங்கே போய் வெந்நீரில் குளிக்கும்படி எவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

கச்சான் மாதங்களுக்குரியது நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. படகுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் செலவு உண்டு என்பதால், ஓகஸ்ட் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது போனால் போதும். பவளப்பாறைமீது கால் வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போய் ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்கிவருவதும் பயணமே. சீனி வருத்தம் உள்ளவர்கள் தயிரைச் சாப்பிட்டு, பாணியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கவும்.

மாலை: நாலு பேர், முப்பத்திரண்டு சீட்டு

மூன்றில் மிகவும் கடினமானது மாலைதான். அலுவலக நண்பர்கள் முதல் ஆறு மாதம் தொலைபேசியில் பேசுவார்கள். பிறகு பேச்சு குறையும். கிராமத்து முதியோர் சங்கத்தில் பெயர் கொடுப்பது, கோயிலில் தேவாரம் ஓதும் குழுவில் சேர்வது எல்லாம் நல்லவையே. ஆனால் வாடைமழை நாலு நாள் தொடர்ந்து பெய்து எவரும் எங்கும் போகமுடியாத மாலையில், தெருவுக்குள்ளேயே நாலு பேர் கூடக்கூடிய ஒன்று வேண்டும். அதற்கு எங்களிடம் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் இருக்கிறது.

சிறுவயதில் பார்த்து மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகளை நீக்கினால் முப்பத்திரண்டு எஞ்சும். ஜக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கு 304. விளையாட்டின் பெயரே கூட்டுத்தொகை. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்தபின் மிகுதி நாலு. கலாவரை, ஆடித்தன், உருவித்தன், இஸ்கோப்பன் என்று நாலு நிறங்களுக்கும் எங்கள் தாத்தாமார் சொன்ன பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்கள். கோட்டையையும் குடாவையும் போல அவையும் இங்கேயே தங்கிவிட்டன.

கேள்வி கேட்பதில் நிதானம், சோடியின் தவறைப் பொறுத்தல், விழுந்த சீட்டுகளை மனத்தில் எண்ணிவைத்தல் ஆகிய மூன்றும் பழக ஒரு மாதம் எடுக்கும். காசு வைத்து ஆட வேண்டாம். எங்கள் விறாந்தையில் தோற்ற சோடி பிளேன்ரீ போட வேண்டும் என்பது சட்டம். பிளேன்ரீ போடும் பொருட்டுக் குசினிக்குள் போகிறவர் போத்தல்களை இடம் மாற்றக்கூடாது என்பது என் மனைவி பின்னர் சேர்த்த திருத்தம். அவரும் இப்போது ஆடுகிறார். எதிர்வீட்டு அக்காவோடு சோடி சேர்ந்தால் அவர்களை வெல்வது எளிதன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை ஏழு மணிக்கே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்தால், அங்கே கோடைநேரம் நடக்கும் மாதங்களில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலமும் மற்ற மாதங்களில் பத்தரை மணித்தியாலமும் பின்தங்கியிருப்பார்கள். லண்டன் என்றால் நாலரையும் ஐந்தரையும். எங்கள் இரவு ஏழரை ரொறன்ரோவில் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. பத்து மணிக்குப் பேசும் பேரன் குளித்திருப்பான். ஒன்பது மணிக்குப் பேசுபவன் போர்வைக்குள் இருப்பான். மார்ச்சிலும் நவம்பரிலும் ரொறன்ரோ நேரம் மாறும் ஞாயிறுகளை, கிராம உத்தியோகத்தரின் நாளைக் குறித்த அதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.